காவி ஏறிய பல்: பீன்யாவின் தொழிலாளரும் ஒரு நிறத்தின் வரலாறும்

பெங்களூருவின் வடமேற்கில், தும்கூர் சாலையை ஒட்டி, 1970களின் பிற்பகுதியில் உருப்பெற்றது பீன்யா தொழிற்பேட்டை. கடைசல் பட்டறைகள், அச்சு வார்ப்புக் கூடங்கள், முலாம் பூசும் கூடங்கள், ஆயத்த ஆடைத் தொழிலகங்கள் எனச் சிறு தொழில்கள் நெருக்கியடித்து அமைந்த இடம் இது. இங்கு வேலை தேடி வந்தோரில் ஒரு பகுதியினர் தும்கூர் மாவட்டத்தின் வறண்ட வட்டங்களான சிரா, மதுகிரி, பாவகடா ஆகியவற்றிலிருந்து வந்தவர்கள். இன்னொரு பகுதியினர் ஒசூர் வழியாகத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். ஒரு சாராரின் பேச்சுமொழி கன்னடமும் தெலுங்கும். மற்றவரது தமிழும் தெலுங்கும். ஒருவர் ‘ஹல்லு’ என்பதை மற்றவர் ‘பல்’ என்பார். பழந்திராவிடப் பகரம் கன்னடத்தில் ஹகரமானதற்குப் பாடநூல்கள் தரும் வழக்கமான எடுத்துக்காட்டுகளுள் இதுவும் ஒன்று. சொல் இப்படிப் பிரிந்தாலும், இவ்விரு நிலப்பகுதிகளிலிருந்தும் வந்த பலரது பல்லின் நிறம் ஒன்றாகவே இருக்கிறது. முன்பற்களில் கிடைவாக்கில் ஓடும் பழுப்புப் பட்டை, இடையிடையே சுண்ணாம்பு அப்பியது போன்ற வெண்திட்டு, முற்றிய நிலையில் எனாமல் பொரிந்த குழிகள்.

இந்த நிறம் எங்கிருந்து வந்தது, அது எவ்வாறு ஒருவரது குற்றமாக்கப்பட்டது, அதை மறைக்க வந்த செயற்கை உறை ஏன் அடிக்கடி அதைக் காட்டிக்கொடுக்கும் பொருளாகிறது என்னும் மூன்று கேள்விகளும் ஒரே வரலாற்றின் கூறுகள். பல் மருத்துவர்கள் மூன்றாவதை மட்டும் தொழில்நுட்பச் சிக்கலாகப் பேசுகின்றனர். முதல் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதைப் புரிந்துகொள்ள இயலாது.

சொல்லிலிருந்து தொடங்கலாம். பல்லின் நிறக்கேட்டைக் குறிக்கப் பேச்சுத் தமிழில் புழங்கும் சொற்கள் கறை, காரை, காவி என்பன. ‘காரை’ பல்லின் மேல் படிந்து இறுகும் படிவு. சுவரில் பூசும் காரையோடு ஒப்புமையால் வந்தது. தெலுங்கிலும் இதற்கு ‘கார’ என்றே பெயர். ‘காவி’ முதலில் செம்மண் நிறம். வெற்றிலை பாக்குப் போடுபவரின் பல்லில் ஏறும் நிறம். ‘பல்லில் காவி ஏறிவிட்டது’ என்னும் தொடரில் ‘ஏறுதல்’ என்னும் வினை கவனிக்கத்தக்கது. வெளியிலிருந்து, பழக்கத்தால், நாள்பட நாள்பட ஏறுகிறது என்பது அதன் பொருள். ஆகவே விலக்கவும் கூடும் என்பது அதன் குறிப்புப் பொருள். இந்தச் சொல்லையே குடிநீரில் மிகுந்த ஃபுளோரைடால் நிறம் மாறிய பல்லுக்கும் மக்கள் பயன்படுத்துகின்றனர். இங்கே நிறம் வெளியிலிருந்து பூசியதன்று. பல் முளைக்கும் முன்பே, ஈறுக்குள் எனாமல் உருவாகும் பருவத்திலேயே கேடு நேர்ந்துவிடுகிறது. ஒரே சொல் இரண்டு நோய்முதல்களையும் மூடிவிடுவதால், வெற்றிலைக் காவிக்கு உரிய பழி நீர்க் காவிக்கும் வந்து சேர்கிறது: இவர் ஒழுங்காகப் பல் துலக்குவதில்லை, புகையிலை போடுகிறார், சுத்தமில்லாதவர். வேம்புக் குச்சியும் செங்கற்பொடியும் சாம்பலும் கொண்டு தேய்த்துத் தேய்த்து, எஞ்சியிருந்த எனாமலையும் இழந்தவர் பலர்.

பழந்தமிழ் இலக்கியம் பல்லை வெண்மையாகவே கண்டது உண்மை. ஆயின் அந்த வெண்மை ஒன்றன்று. முல்லையரும்பு, முத்து, மயிற்பீலியின் அடிக்குருத்தாகிய முருந்து என்னும் மூன்று உவமைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அரும்பின் வெண்மையில் இளம்பச்சை சாயல் உண்டு. முத்தில் மெல்லிய மஞ்சளும் ஒளியும் உண்டு. முருந்து பாதி ஒளியூடுருவக் கூடியது. இவற்றுள் எதுவும் காகிதத்தின் வெண்மையன்று. இன்றைய பல் ஆய்வுக்கூடத்தில் தேர்ந்த தொழில்நுட்பர் ஒருவர் பீங்கானில் கொண்டுவரப் பாடுபடும் ஒளியூடுருவலைப் பழம்புலவர் முருந்தில் கண்டுவைத்திருந்தனர் எனலாம். ‘நகை’ என்னும் சொல் சிரிப்பு, பல், அணிகலன் ஆகிய மூன்றையும் குறிப்பதும், ‘முறுவல்’ புன்னகையோடு பல்லையும் குறிப்பதும், பல் என்பது பிறர்முன் தோன்றும் உறுப்பாகவே இம்மொழியில் கருதப்பட்டதைக் காட்டுகின்றன.

வெண்பல்லே எக்காலத்தும் எவ்விடத்தும் உயர்வின் அடையாளமாக இருந்தது என்றும் சொல்ல முடியாது. 1443இல் விசயநகரத்துக்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், அரசவையில் தமக்கு வெற்றிலையும் கற்பூரமும் அளிக்கப்பட்டதைப் பெருமையாகவே பதிவு செய்தார். தாம்பூலம் தரித்துச் சிவந்த வாய் செல்வத்தின், விருந்தோம்பலின் அடையாளம். வட இந்திய நகரங்களில் மணமான பெண்கள் மிஸ்ஸிப் பொடியால் பல்லையும் ஈறையும் கருமையாக்கிக்கொண்டனர். சப்பானில் இரும்புக் கரைசலும் துவர்ப்பொருளும் கலந்து பல்லைக் கறுப்பாக்கும் ஒஹாகுரோ வழக்கம் உயர்குடியினரிடையே நிலைபெற்றிருந்தது. 1870இல் மெய்ஜி அரசு உயர்குடியினருக்கு அதைத் தடைசெய்தது. 1873இல் பேரரசி ஷோக்கென் கறுப்பாக்காத பற்களுடன் மக்கள்முன் தோன்றினார். அதன்பின் அவ்வழக்கம் விரைந்து மங்கியது. மேலைநாட்டார் கண்ணில் நாகரிகமாகத் தோன்ற வேண்டும் என்னும் அரசியல் தேவை ஒரு நாட்டின் பல் நிறத்தையே மாற்றியது. பல் எந்நிறத்தில் இருக்க வேண்டும் என்பதை வாய்க்கு உரியவர் தனித்து முடிவு செய்வதில்லை. எதிரே அமர்ந்திருப்பவரும் சேர்ந்தே முடிவு செய்கிறார்.

நீரால் வரும் நிறத்துக்குத் திரும்புவோம். அதை மருத்துவ ஏட்டில் முதலில் எழுதியவர்களுள் ஒருவர், பொருத்தமாகவே, புலம்பெயர்வோரின் வாயைச் சோதித்தவர். அமெரிக்கக் கடல்சார் மருத்துவப் பணியைச் சேர்ந்த ஜே. எம். ஈகர், இத்தாலியின் நேப்பிள்ஸ் துறைமுகத்தில் அமெரிக்காவுக்குக் கப்பலேறக் காத்திருந்தோரைப் பரிசோதித்துவந்தார். அவ்வட்டாரத்தின் சில ஊர்களிலிருந்து வந்தோரின் பற்களில் கரும்பழுப்புக் கறையைக் கண்டு 1901இல் குறிப்பெழுதினார். உள்ளூர்ப் பேராசிரியர் ஒருவர் பெயரால் அது ‘கியாயே பற்கள்’ எனப்பட்டது. வேலைக்காக ஊரைவிட்டுக் கிளம்பியவரின் வாயில் அவரது ஊர் எழுதப்பட்டிருந்தது. நேப்பிள்ஸ் துறைமுகத்துக்கும் பீன்யா பேருந்து நிறுத்தத்துக்கும் இடையே நூறாண்டுகளும் ஒரு கடலும் இருந்தாலும், நிலை ஒன்றே.

அதே 1901இல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் தொழில் தொடங்கிய இளம் பல் மருத்துவர் ஃபிரெடரிக் மெக்கே, அந்நகரத்தில் பிறந்து வளர்ந்தோரின் பற்களில் பழுப்புக் கறை பரவலாக இருப்பதைக் கண்டார். பிற்பாடு வந்து குடியேறியோருக்கு அது இல்லை. முப்பது ஆண்டுகள் அவர் விடாது தேடினார். அக்காலப் பல் மருத்துவத்தின் பேரறிஞரான ஜி. வி. பிளாக் 1909 முதல் அவரோடு சேர்ந்து ஆராய்ந்தார். காரணம் நீர் என்னும் ஐயம் வலுப்பெற்றபோதும் நீரில் எது என்பது தெரியவில்லை. விடை ஒரு தொழில் நிறுவனத்தின் அச்சத்திலிருந்து வந்தது. ஆர்கன்சாவில் அலுமினியக் கனிமம் தோண்டிய அல்கோவா நிறுவனத்தின் குடியிருப்பு ஊரான பாக்சைட்டில், ஆழமான கிணறுகளின் நீருக்கு மாறிய பின் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கறை வந்தது. பழி அலுமினியத்தின் மேல் விழுமோ என அஞ்சிய நிறுவனத்தின் தலைமை வேதியியலர் எச். வி. சர்ச்சில், நிறமாலை முறையில் அந்நீரைச் சோதித்தார். 1931இல் அவர் கண்டது அலுமினியத்தை அன்று. எவரும் எதிர்பாராத அளவிலான ஃபுளோரைடை. இங்கே இரண்டு செய்திகள் கருதத்தக்கவை. ஆழம் மிகுந்த கிணறு என்னும் முன்னேற்றமே கேட்டைக் கொணர்ந்தது. மேலும், பிள்ளைகளின் பல் பற்றிய கவலையைவிட, தன் சரக்கின் நற்பெயர் பற்றிய கவலையே ஆய்வை விரைவுபடுத்தியது.

சென்னை மாகாணம் இதில் பின்தங்கிவிடவில்லை என்பதைத் தமிழ்ச் சூழலில் அதிகம் பேசுவதில்லை. சர்ச்சிலின் கண்டுபிடிப்பு வெளிவந்து ஆறே ஆண்டுகளில், 1937இல், கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையத்தைச் சார்ந்த எச். ஈ. ஷார்ட், சி. ஜி. பண்டிட், டி. என். எஸ். ராகவாச்சாரி ஆகியோர் அன்றைய நெல்லூர் மாவட்டத்து ஊர்களில் காணப்பட்ட ஃபுளோரோசிஸ் பற்றி ‘இந்தியன் மெடிக்கல் கெசட்’டில் எழுதினர். இந்தியாவில் மனிதரிடையே இந்நோய் நிலைகொண்டிருப்பதை நிறுவிய முதல் ஆய்வாக அது கருதப்படுகிறது. அவர்கள் கவனத்தை ஈர்த்தது பல் மட்டுமன்று. முதுகெலும்பு இறுகி, கழுத்தைத் திருப்பவோ குனியவோ இயலாமற்போன உழவர்கள். பல்லின் நிறம் அங்கே அறிகுறி. எலும்பு நோயாகி வாழ்வை முடக்கியது. பண்டிட்டும் ராகவாச்சாரியும் பிறருடன் சேர்ந்து 1940இல் தென்னிந்தியா முழுமைக்குமாக ஆய்வை விரித்தனர். நீர்ப் பகுப்பாய்வாளர் ஒருவரும் மருத்துவரும் ஒரே கட்டுரையில் கையெழுத்திட்டிருப்பது அக்காலத்தின் நல்ல பழக்கம். பின்னாளில் பல் ஒரு துறைக்கும், எலும்பு இன்னொரு துறைக்கும், கிணறு பொதுப்பணித் துறைக்கும் எனப் பிரிந்துபோனது.

ஆக, 1940 அளவிலேயே அறிவு இருந்தது. அதன்பின் நிகழ்ந்தது முரண். தக்காணத்தின் கருங்கல், நைஸ் பாறைகளில் ஃபுளோரைடு கொண்ட கனிமங்கள் உண்டு. பாறைப் பிளவுகளில் நெடுங்காலம் தங்கும் நீர் அதைக் கரைத்துக்கொள்கிறது. சுண்ணாம்புச் சத்துக் குறைந்து, காரத்தன்மை மிகுந்த நீரில் கரைவு இன்னும் கூடும். திறந்த கிணற்றின் மேல்மட்ட நீரில் மழைநீர் கலந்துகொண்டிருக்கும். ஆழத்து நீருக்கு அந்த வாய்ப்பு இல்லை. 1960களின் பஞ்சத்துக்குப் பின் கடும்பாறையைத் துளைக்கும் எந்திரங்கள் யூனிசெஃப் உதவியுடன் வந்தன. 1970களின் பிற்பகுதியில் சென்னையின் ரிச்சர்ட்சன் அண்டு குரூடாஸ் ஆலையில் உற்பத்தியான ‘இந்தியா மார்க் 2’ அடிகுழாய், கோயம்புத்தூர் வட்டாரத்தில் சோதிக்கப்பட்டு நாடெங்கும் பரவியது. காலரா, வயிற்றுப்போக்கு முதலியவற்றிலிருந்து எண்ணற்ற உயிர்களைக் காத்த கருவி அது. அதைக் குறைத்துச் சொல்வது நன்றிகெட்ட செயல். கிருமியற்ற நீர் தூய நீர் என்னும் எண்ணத்தோடு குழாய் இறங்கியது. அந்த நீரின் ஃபுளோரைடு தெளிவானது, சுவையற்றது, மணமற்றது. பிள்ளைகளின் முன்பல் மாறி முளைக்கும் ஏழாம் எட்டாம் வயதில்தான் அது தன்னைக் காட்டியது.

இந்தக் கால இடைவெளிதான் பழியைத் திசைமாற்றியது. மேல்வரிசை நடுமுன்பற்களின் எனாமல் பெருமளவு பாதிக்கப்படும் காலம், பிள்ளைக்கு ஏறத்தாழ 15 முதல் 30 மாதம் ஆகும் பருவம். பல் வெளியே வருவதோ ஐந்தாறு ஆண்டுகள் கழித்து. வரும்போது பெரும்பாலும் பழுப்பாக வருவதுமில்லை. மங்கிய சுண்ணாம்பு வெண்மையாக, உள்ளே நுண்துளைகள் மிகுந்ததாக வருகிறது. அத்துளைகளில் உணவின் நிறப்பொருள்கள் பின்னர் புகுந்து பழுப்பாகிறது. பெற்றோர் பார்ப்பது வெள்ளையாக முளைத்துப் பின் நிறம் மாறும் பல்லை. ‘துலக்காததால் காவி ஏறியது’ என்னும் முடிவு அந்தக் காட்சிக்கு இயல்பாகவே பொருந்துகிறது. உண்மையில் அந்தப் பல் பதிவு செய்திருப்பது, தாயின் இடுப்பில் இருந்த காலத்தில் அந்த வீடு எந்தக் குழாயில் நீர் எடுத்தது என்பதை. இருபத்தைந்து வயதில் பீன்யாவில் அடையாள அட்டைக்கு நிழற்படம் எடுக்கும்போது உதட்டை இறுக மூடிக்கொள்ளும் ஓர் இளைஞர் மறைப்பது தம் பழக்கத்தை அன்று. இரண்டாம் வயதில் தாம் தேராத ஒரு கிணற்றை.

பீன்யாவின் சொந்த நிலத்தடி நீரைப் பற்றிய ஒரு மயக்கத்தையும் இங்கே நீக்க வேண்டும். அத்தொழிற்பேட்டையின் நீரில் ஆய்வாளர் கண்டு கவலைப்பட்டது முலாம்பூச்சுக் கழிவால் வரும் அறுமதிப்புக் குரோமியம். அது வேறொரு கேடு. இந்தப் பழுப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. பல்லின் நிறம் பீன்யாவில் உண்டாவதில்லை, பீன்யாவுக்கு வந்து சேர்கிறது.

2008ஆம் ஆண்டில் இந்த நிறம் ஒரு கணம் பொதுமேடையின் விளிம்புக்கு வந்து மறைந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கான ஒகேனக்கல் திட்டத்தின் முழுப்பெயரிலேயே ‘ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு’ என்னும் தொடர் உண்டு. 1998இல் மைய அரசின் முன்னிலையில் எட்டிய உடன்பாட்டின்படி 1.4 டி.எம்.சி. காவிரி நீர் இதற்கு ஒதுங்கியது. பெங்களூருவின் குடிநீர் விரிவாக்கமும் அதே பேச்சில் இடம்பெற்றது. 2008 பிப்ரவரியில் முதலமைச்சர் மு. கருணாநிதி அடிக்கல் நாட்டினார். கருநாடகத்தில் எதிர்ப்பு எழுந்தது. பெங்களூருவில் தமிழ்ப்படம் ஓடிய திரையரங்குகள் தாக்கப்பட்டன. ஏப்ரல் 4 அன்று சென்னைச் சேப்பாக்கத்தில் தமிழ்த் திரையுலகினர் உண்ணாநோன்பு இருந்தனர். மறுநாள், கருநாடகத் தேர்தல் முடிந்து புதிய அரசு அமையும்வரை திட்டத்தை நிறுத்திவைப்பதாகக் கருணாநிதி அறிவித்தார். இரு பக்கத்திலும் பேச்சு எல்லை, மொழி, உரிமை என்றே சென்றது. நோயின் பெயர் திட்டத்தின் பெயர்ப்பலகையில் மட்டும் எஞ்சியது. அந்த உண்ணாநோன்பு மேடை தமிழ்நாட்டின் மிக வெண்மையான பற்கள் கூடிய மேடையாக இருந்திருக்கும் என்பதைக் கேலியாக அன்றி ஒரு வரலாற்றுக் குறிப்பாகவே சொல்லலாம். பழுப்புப் பல்லுக்காகப் பேசும் நிகழ்வில் பழுப்புப் பல் தோன்றவில்லை. எல்லைக்கு அப்பாலும் பாவகடாவிலும் கோலாரிலும் அதே நிறப் பற்கள் இருந்தன. அவர்களையும் எவரும் மேடைக்கு அழைக்கவில்லை. ஜப்பான் நிதியுதவியோடு திட்டம் தொடர்ந்து, 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது.

இனி, மறைப்பின் வரலாறு. பல்லுக்குப் பீங்கான் உறை போடும் முறையை 1880களில் டெட்ராய்ட்டைச் சேர்ந்த சார்லஸ் லேண்ட் வளர்த்தெடுத்தார். அது அழகானது, எளிதில் உடைவது. 1930களில் ஹாலிவுட்டில் தொழில் செய்த சார்லஸ் பிங்கஸ், படப்பிடிப்பு நேரத்துக்கு மட்டும் நடிகரின் பல்மேல் ஒட்டி, முடிந்ததும் கழற்றிவிடும் மெல்லிய முகப்புகளைச் செய்துகொடுத்தார். பால்பல் விழுந்த சிறுமி ஷெர்லி டெம்பிள் திரையில் ஓட்டையின்றிச் சிரித்தது அவர் கைவண்ணம். இடைவெளியும் கறையுமற்ற, ஒரேசீரான வெண்வரிசை என்னும் வடிவம் இயற்கையில் அரிது. அதைப் பொதுவிதியாக்கியது ஒளிப்பதிவுக் கூடத்தின் விளக்கு. தமிழ்த் திரையும் அதைப் பெற்றுக்கொண்டு, எதிர்ப்பாதியையும் சேர்த்துக்கொண்டது: அடியாளுக்கும் கோமாளிக்கும் பல்லில் கறை பூசுவது ஒப்பனைக் கலையின் பாலபாடமானது.

1962இல் அமெரிக்காவில் வெய்ன்ஸ்டீன் குழுவினர் பெற்ற காப்புரிமை உலோகத்தின் மேல் பீங்கானைச் சுட்டு ஒட்டும் முறையை நிலைநிறுத்தியது. இன்றும் சிறுநகர்க் கிளினிக்கில் ‘கேப்’ எனப்படுவது பெரும்பாலும் இதுதான். உள்ளே நிக்கல் குரோமியம் அல்லது கோபால்ட் குரோமியம் கலந்த உலோகம், அதன் கருமையை மறைக்க ஒளிபுகாப் பூச்சு, அதன்மேல் பீங்கான். பீன்யாவின் முலாம் கூடங்களில் மட்டமான உலோகத்தின் மேல் பளபளப்பான மென்படலம் ஏற்றுவது போன்ற வேலையே இது. முலாம் கூடத்தில் அடிப்பகுதி வெளியே தெரிந்தால் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வாயில் அது இயலாது. நாளடைவில் ஈறு இறங்க, உறையின் விளிம்பில் சாம்பல்நிறக் கோடு தோன்றும். ஒளிபுகாப் பூச்சு ஒளியை உள்ளே விடாமல் திருப்புவதால், பல் சுண்ணக்கட்டி போல் தட்டையாகத் தெரியும்.

பொருத்தமின்மைக்கு இன்னும் பல வாயில்கள் உண்டு. ஒரு விளக்கின்கீழ் ஒத்துத் தெரியும் இரண்டு நிறங்கள் மற்றொரு விளக்கின்கீழ் வேறுபடும். கிளினிக்கின் குழல்விளக்கில் பொருந்திய கேப் திருமண மண்டபத்தின் வீடியோ விளக்கில் தனித்து நிற்பது இதனால்தான். இயற்கைப் பல் புறஊதாக் கதிரில் நீலவெண்மையாக ஒளிரும். பீங்கானும் ஒளிர வேண்டுமென்று இருபதாம் நூற்றாண்டில் நெடுங்காலம் யுரேனியச் சேர்மத்தைச் சிறிதளவு கலந்தனர். பின்னர் அது கைவிடப்பட்டு அருமண் தனிமங்கள் வந்தன. ஒளிராத உறை மேடையின் ஊதா விளக்கில் பல்லே இல்லாத இடைவெளிபோல் இருண்டுவிடும். வாயைத் திறந்து நெடுநேரம் வைத்திருந்தால் பல் உலர்ந்து வெளுக்கும்; அப்போது நிறம் பார்த்தால் கேப் அதிக வெண்மையாக அமையும். பிற்பாடு பற்களை வெளுக்கச் செய்தாலும் கேப் வெளுக்காது. வயது ஏற ஏறப் பற்கள் மஞ்சளிக்கும். கேப் போட்ட நாளின் நிறத்திலேயே நிற்கும். செய்தியாளர் சந்திப்பில், பட்டிமன்றத்தில், தேர்தல் மேடையில் அறியப்பட்டவர்களின் வாயில் ஒரு பல் மட்டும் கேமராவின் கண்ணில் குத்துவதற்கு இவற்றுள் ஏதேனும் ஒன்றே காரணம்.

இவையெல்லாம் எல்லார்க்கும் பொது. ஃபுளோரோசிஸ் நிலத்திலிருந்து வந்தவருக்கு நேர்வது வேறு. பல் நிறத்தை அளக்க உலகம் பயன்படுத்தும் கருவி நிற அட்டவணை எனப்படும் பீங்கான் மாதிரிகளின் வரிசை. 1930களில் அமெரிக்கரான புரூஸ் கிளார்க், மன்செல்லின் நிறக்கோட்பாட்டைப் பல்லுக்குப் பொருத்தி, நிறத்தை மூன்று பரிமாணங்களில் அளக்க வேண்டும் என வாதிட்டார். ஆயினும் தொழிலில் நிலைத்தது செருமனியின் வீட்டா நிறுவனம் 1956இல் வெளியிட்ட வரிசையும் அதன் வழித்தோன்றல்களும். செம்பழுப்பு, செம்மஞ்சள், சாம்பல், செஞ்சாம்பல் என நான்கு குடும்பங்கள். மொத்தம் பதினாறு மாதிரிகள். தருமபுரியிலும் தும்கூரிலும் கிளினிக்கில் ‘ஏ டூ’, ‘ஏ த்ரீ’ என்று சொல்லப்படுவது இந்த வரிசையின் எழுத்தும் எண்ணுமே. இம்மாதிரிகளில் ஒவ்வொன்றும் ஈறிலிருந்து நுனிவரை மென்மையாக மாறும் ஒரே நிறம். பட்டை இல்லை, திட்டு இல்லை, குழி இல்லை. பழுப்புப் பட்டை ஓடிய ஐந்து முன்பற்களுக்கு நடுவே உடைந்த ஆறாவதற்கு உறை போடும்போது, கைவசம் உள்ள பதினாறில் எதுவும் பொருந்தாது. வழக்கமாக அடுத்து நெருங்கியது என்று ஒன்றைத் தேர்கின்றனர். விளைவு, ஐந்து பற்களின் நிறம் முன்னிலும் அடர்ந்து தெரிகிறது. உடைந்த பல்லை மறைக்க வந்த உறை, உடையாத பற்களைக் காட்டிக்கொடுக்கிறது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தேர்ந்த தொழில்நுட்பர் நிழற்படத்தைப் பார்த்து, பக்கத்துப் பல்லின் பட்டையையும் திட்டையும் பீங்கானின் மேல் சாயம் தீட்டிச் சுட்டு எடுப்பது. கேப் பொருந்திவிடும், ஆனால் பணம் கொடுத்துக் கறையை வாங்குவதாக நோயாளிக்குத் தோன்றும். ‘புதுப் பல்லையும் காவியாகவே செய்வதா’ என்னும் மறுப்பு இயல்பானது. மற்றது, ஆறு பற்களையும் அராவி ஆறுக்கும் உறை போடுவது. நிறம் ஒன்றாகும், செலவு ஆறு மடங்காகும், குறையில்லாத பல்லின் எனாமலும் திரும்ப வராது. தொழில்முறையில் முதல்வழி நேர்மையானது என்று கருத இடமுண்டு. எனினும் அதை மறுப்பவரைக் குறைசொல்ல இயலாது. வேலைக்கான நேர்காணலிலும் பெண்பார்க்கும் கூடத்திலும் எதிரே இருப்பவர் நீரியல் படித்தவராக இருப்பதில்லை. எனாமலின் மேற்பரப்பை மட்டும் மென்மையாகத் தேய்த்தல், வெளுக்கச் செய்தல், பிசின் ஊடுருவச் செய்தல் ஆகிய சிக்கன முறைகள் லேசான, நடுத்தரக் கறைக்குப் பயன்தரும் என்பதைக் கிளினிக்குகள் முதலில் சொல்வதில்லை. உறைதான் அவர்களுக்கு வருமானம்.

இந்த வரலாற்றுக்கு ஒரு முன்மாதிரி உண்டு. இடாகோ மாநிலத்தின் ஓக்லி என்னும் சிற்றூர், மெக்கேயின் அறிவுரையை ஏற்று, காரணம் இன்னதென்று தெரியும் முன்பே, 1925இல் தன் நீர்மூலத்தை மாற்றிக்கொண்டது. சில ஆண்டுகள் கழித்து அவர் திரும்பிச் சென்று, மாற்றத்துக்குப் பின் பிறந்த பிள்ளைகளின் புதிய முன்பற்களைப் பார்த்தார், கறை இல்லை. ஒகேனக்கல் நீர் 2013இல் வந்தது. அவ்வாண்டு பிறந்து, ஆற்றுநீரையே தொடர்ந்து குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு 2020, 2021 அளவில் முன்பல் முளைத்திருக்கும். குழாய் வராத நாளில் பழைய ஆழ்துளைக் கிணற்றுக்குத் திரும்பிய வீடுகளின் பிள்ளைகளுக்கு அது வேறாக இருக்கும். டிரெண்ட்லி டீன் வகுத்த படிநிலை அளவுகோல் 1942இலிருந்தே கைவசம் உள்ளது. ஊராட்சியின் நீர்வழங்கல் பதிவேடும் பள்ளியின் பிறந்தநாள் பதிவேடும் உள்ளன. பீன்யாவில் வாடகை வீட்டில் பிறந்து காவிரிக் குழாய்நீர் குடித்த தம்பியையும், பாலக்கோட்டில் பாட்டி வீட்டில் இரண்டு வயதுவரை வளர்ந்த அக்காளையும் ஒரே வீட்டில் அருகருகே நிறுத்தி ஒப்பிடக்கூடிய தலைமுறை இப்போது உயர்நிலைப் பள்ளியில் இருக்கிறது. பல் மருத்துவம், நீரியல், சமூக வரலாறு ஆகிய மூன்று துறைகளின் மாணவர் ஒரே ஊரில் ஆறு மாதம் தங்கினால் செய்துமுடிக்கக் கூடிய வேலை அது.